எறும்பு ஏறாத பெட்டி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் நால்வருக்கும் இழைப்புளி பிடிக்க நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு சேகர் இருக்கிறார். ரம்பத்தின் பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மூலை மட்டத்தை எப்படிச் சரிபார்ப்பது, பழைய ஆணியைப் பலகை கிழியாமல் எப்படிப் பிடுங்குவது, இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். லேசில் வராத ஒன்று இருக்கிறது. யாரை, எதை, எப்போது சந்தேகப்படுவது என்பது. பதினாறு வருடம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்றும் அதில் நான் தேறவில்லை. தேறாத கதையைத்தான் எழுதுகிறேன்.

மரத்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்கு. வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறேன். போகிற வழியில் கதவை ஒரு தட்டுத் தட்டி அது என்ன சத்தம் போடுகிறது என்று கேட்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நிலைப்படியைப் பார்க்கிறேன். வேலை நின்றுவிட்டது. கண் நிற்க மாட்டேன் என்கிறது.

புது மரம் வாங்குகிறவர்களுக்கு ஒரே கேள்வி, என்ன மரம்? நமக்கு அது போதாது. இடித்த வீடுகளிலிருந்து வருகிற கட்டையில் நாம் உப்புப் பெட்டி செய்கிறோம், காய் நறுக்கும் பலகை செய்கிறோம், அகப்பை, சப்பாத்திப் பலகை, தொட்டில் கட்டை செய்கிறோம். எல்லாம் அடுப்படிக்கும் வாய்க்கும் குழந்தைக்கும் பக்கத்தில் போய் உட்காருகிற சாமான்கள். ஆனால் நம்மிடம் வந்து இறங்குகிற ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பழைய வாழ்க்கை உண்டு. ஒன்று கதவாக நின்று யாரையோ உள்ளே விடாமல் தடுத்திருக்கும். ஒன்றில் யாரோ ஒரு மாதம் நோயில் கிடந்திருப்பார்கள். ஜீப்பிலிருந்து இறங்கும்போது மட்டும் எல்லாம் ஒரே தூசியோடு, ஒரே அப்பாவி முகத்தோடு இறங்கும்.

முதல் அடி ஒரு கதவில் விழுந்தது. பட்டறை தொடங்கிய புதிது. ஓர் ஆள் நல்ல பலாக் கதவு ஒன்றைக் கொண்டுவந்தார். சொந்த வீட்டுக் கதவு, மாற்றுகிறோம் என்றார். நம்பி வாங்கினோம். ஒரே வாரத்தில் அது பத்து சப்பாத்திப் பலகைகளாகிவிட்டது. எட்டாம் நாள் வாசலில் இன்னொரு ஆள் வந்து நின்றார். கதவை விற்றவரின் அண்ணனாம். வெளியூர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பாகம் பிரிக்காத வீட்டின் கதவைத் தம்பி கழற்றி விற்றிருக்கிறார்.

“ஏனுங்க, என்ற ஊட்டுக் கதவு இங்க வந்திருக்குதுன்னாங்க.”

சேகர் அடுக்கி வைத்திருந்த பலகைகளைக் காட்டினார். அந்த மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எதுங்க கதவு?”

“எல்லாந்தானுங்க.”

“அப்ப நான் எதைச் சாத்திக்கிட்டுப் படுக்கறது? ஊட்டுக்குள்ள ஒரு நாய் வந்து படுத்துக்கிட்டு, நான் உள்ள போனா என்னயப் பாத்துக் கொலைக்குதுங்க!”

இப்போது சொல்லிச் சிரிக்கிறோம். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. இருந்த நல்ல கட்டைகளைப் போட்டு அவருக்கு ஒரு கதவு செய்து, நானும் சேகரும் சுமந்து போய் மாட்டிவிட்டு வந்தோம். நாய் எங்களையும் பார்த்துக் குரைத்தது.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன். கட்டை கொண்டுவருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தினேன். யார் வீடு, ஏன் இடிக்கிறீர்கள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் தெரியுமா, அக்கம்பக்கத்தில் இருவர் கையெழுத்து எங்கே, கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த கடிதம் எங்கே? அதுவும் போதாமல் நானே பஸ் ஏறிப் போய் இடித்த வீட்டைப் பார்ப்பேன். விட்டத்தின் முனையைச் சுவரில் இருக்கிற குழியோடு பொருத்திப் பார்ப்பேன். எனக்கு ‘ஸ்டேஷன் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். உப்புத்தாள் தேய்க்கிற செல்வி என் காதில் விழும்படியே சொல்வாள்: “எங்கக்காகிட்ட பொணத்தத் தூக்கிட்டுப் போனாக்கூட யாரூட்டுது, காயிதம் இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் அழுவும்.”

பெருமையாகத்தான் இருந்தது. ஒரு திருட்டுக் கட்டைகூட என்னைத் தாண்டி உள்ளே வரவில்லை. மனிதர்களைப் படிக்கத் தெரிந்துவிட்டது, இனி என்ன என்று இருந்தேன்.

பொன்னுசாமி அண்ணன் வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. எங்கள் மலையின் ஒரு பகுதியான திருப்புலி நாட்டுக்காரர். மரவள்ளியும் மிளகும் மொச்சையும் போடுகிறவர். பழைய வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். ஜீப் நிறையக் கூரையைத் தாங்கிய கைமரங்கள், அவற்றின் மேல் நீளமான ஆறு பலாப் பலகைகள்.

“யாரூட்டுதுங்ணா?”

“என்ற ஊட்டுது.”

“இடிக்கறது ஊட்ல எல்லார்த்துக்கும் தெரியுமா?”

“என்ற சம்சாரந்தான் மொத ஓட்டப் புடுங்குனா. வேணும்னா போய்க் கேட்டுக்கோங்க.”

“காயிதம்?”

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். “இந்தாங்க அம்மிணி. என்ற அப்பன் பேரு, பாட்டன் பேரு எல்லாம் அதுலயே இருக்குது. என்ற கண்ணாலத்துக்கு எத்தன பேரு வந்து சாப்பிட்டாங்கன்னு எழுதி வெக்கல, அது ஒண்ணுதான் கொறச்சல்.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுநாளே போய்ப் பார்த்தேன். சுவர் நின்றிருந்தது, குழிகள் பொருந்தின, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆமாம் என்றார்கள். அவர் மனைவி ராசம்மாள் எனக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிடிக்க ஒரு பொய் கிடைக்காதபோது சந்தேகக்காரிக்கு வருகிற சோர்வு அது.

அந்த ஆறு பலகையும் பரண் பலகை. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ராசிபுரத்தில் பிறந்து வளர்ந்த சேகருக்குப் பரண் என்றால் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கிற இடம். நான் பைல் நாட்டுக்காரி. எங்கள் மலை வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண், பரணில் விதை. சாமை, தினை, கேழ்வரகு, மொச்சை, அவரை. அடுத்த வருடத்துச் சோறு முழுவதும் எங்கள் தலைக்கு மேலே படுத்துத் தூங்கும். குளிக்காமல் அங்கே ஏறக்கூடாது. பசி என்று விதையில் கை வைத்தால் சாமி குத்தம். அடுப்புப் புகை ஏறி ஏறிப் பலகை கருத்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். அதனால் உணவு தொடுகிற சாமான் எதையும் பரண் பலகையில்தான் செய்வது என்று பட்டறையில் ஒரு வழக்கம் வைத்தேன். கதவில் ஊரார் கை பட்டிருக்கும், கட்டிலில் வியர்வை பட்டிருக்கும், பரண் பலகையில் விதையைத் தவிர எதுவும் பட்டிருக்காது என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்லியே விற்றேன்.

அந்த ஆறு பலகைகளிலும் ஒரு பூச்சித் துளை இல்லை. கரையான் வாய் வைக்கவில்லை. புகையின் வேலை என்று நினைத்தேன். அதே வீட்டில், அதே புகையைக் குடித்த கைமரங்கள் பக்கத்திலேயே கிடந்தன. அவை முழுக்க ஊசித் துளைகள். பார்த்தேன். பார்த்தது கண்ணோடு நின்றுவிட்டது. பலகையின் ஆணித் துளைகளுக்குள் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு என்று விட்டேன்.

சரக்கை இறக்கிய அன்றைக்குக் கிளம்பும்போது பொன்னுசாமி அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “என்ற புள்ள கவிதா தலப்பிரசவத்துக்கு வந்திருக்குதுங்க அம்மிணி. அவ பொறந்த ஊட்டுப் பலக இது. இதுல ஒரு உப்புப் பொட்டி பண்ணிக் குடுத்தீங்கன்னா புருசன் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவா. ரெண்டு பலக என்கிட்டயே வெச்சிருக்கறனுங்க, அடுப்படில அலமாரிக்கு.”

செய்து தருகிறேன் என்றேன். அவ்வளவு கேள்வி கேட்டு நோகடித்ததற்கு அது ஒரு பரிகாரம்போல இருந்தது.

சேகர் பலகைகளை இழைத்த அன்றைக்குப் பட்டறை முழுவதும் ஒரு காரமான வாசனை. மத்தியானத்துக்குள் அவருக்குத் தலைவலி. பிறகு வெளியே போய் வாந்தி எடுத்தார்.

“நேத்து ஏத்துனது இன்னும் எறங்கலயாட்டம் இருக்குது,” என்றாள் செல்வி.

“ஐயோ அக்கா, சத்தியமா இல்லீங்க! நேத்து செவ்வாக்கெழம. செவ்வாக்கெழம நான் தொடவே மாட்டேன்.”

“கேட்டீங்களாக்கா, மத்த ஆறு நாளும் தொடுவேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.”

நான் சேகர் அருகில் போய், வாயைத் திறக்கச் சொல்லி மூச்சை முகர்ந்து பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய மனிதர், கூசிப்போனார். சாராய வாசனை இல்லை. இருந்தாலும் நம்பவில்லை. அவருக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், இழைத்த பலகை கிடந்தது. அவரை முகர்ந்தேன், அதை முகரவில்லை.

பதினொரு பெட்டிகள் வந்தன. நகர்த்தித் திறக்கிற மூடி, சுவரில் மாட்ட ஒரு துளை. ஒன்று கவிதாவுக்குப் போனது. ஐந்து பெட்டிகள், சந்தை நாளில் செம்மேட்டில் விற்றன. நான்கு அலமாரியில். மிச்சம் ஒன்றைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டோம், காப்பிக்கு வெல்லம் போட்டுவைக்க.

பத்து நாள் கழித்து ஒரு காலை. முதல் நாள் யாரோ பெட்டியை மூட மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். நம் மலையில் வெல்லத்தைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் எறும்பு ஊர்வலமே வந்துவிடும். செல்வி எட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“அக்கா, இங்க பாருங்க, ஒரு எறும்பு வல்ல! நம்ம பொட்டிய இதச் சொல்லியே விக்கலாம். எறும்பு ஏறாத பொட்டி!”

சேகர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் காப்பிக் குவளையை எடுத்தேன். அது வாய்க்கு வருகிற வழியில் நின்றுவிட்டது. எறும்பு ஏன் வரவில்லை?

பெட்டியைத் தூக்கினேன். எறும்பு வந்திருந்தது. சுவரோரமாகச் சாரை பிடித்து வந்து, பெட்டி இருந்த இடத்தின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது. வெல்லத்தைத் தின்று செத்த மாதிரி இல்லை. வெல்லத்துக்குப் போகிற வழியில் பலகையில் கால் வைத்திருக்கின்றன.

குவளையைக் கீழே வைத்தேன். யாரும் குடிக்காதீர்கள் என்றேன். எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன்.

“அக்கா, இப்ப பொட்டியவும் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள் செல்வி. குரலில் விளையாட்டு பாதிதான் இருந்தது.

உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தப்பாகச் சொல்லி ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கலங்கடிக்கக் கூடாது, சரியாகச் சொல்வதைத் தாமதிக்கவும் கூடாது. அதனால் ஒரு மணி நேரம் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அலமாரியிலிருந்து பொன்னுசாமி அண்ணன் பலகையில் செய்த பெட்டி ஒன்று, வேறொரு வீட்டுப் பலகையில் செய்த பெட்டி ஒன்று. இரண்டிலும் ஒரே அளவு வெல்லத் துண்டு வைத்து, புற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் பார்த்ததிலேயே நீளமான ஒரு மணி நேரம் அது. வேறு வீட்டுப் பெட்டி கறுத்துப் போனது, அத்தனை எறும்பு. நம் பெட்டியின் விளிம்பில் ஏறியவை நான்கு அடி வைத்துத் தள்ளாடின.

சேகர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அக்கா, அன்னக்கி எனக்கு…”

“ஆமா சேகர். நீங்க குடிக்கல.”

“அதத்தான நானும் சொன்னேன்,” என்றார். கோபமில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சேகர் பின்னாலேயே வந்தார். “அக்கா, வெசம் கிசம்னு சொன்னீங்கன்னா அவரு அடிக்க வருவாரு. மூடி சரியா உக்காரல, சரிபண்ணித் தாரோம்னு சொல்லிப் பொட்டிய வாங்கிட்டு வந்துருங்க. போதும்.”

நல்ல யோசனை. வழி முழுவதும் அந்தப் பொய்யைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எடுத்துச் சொல்வதுபோல் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்தேன்.

புது வீடு கதவு உயரம்வரை எழும்பி நின்றது. பக்கத்தில் தகரக் கொட்டகையில் குடித்தனம். கவிதா நிறைமாதத்தோடு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பொன்னுசாமி அண்ணன் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார். ராசம்மாள் அடுப்பருகில்.

“வாங்க அம்மிணி. இன்னக்கி எந்தக் காயிதம் கொறையுது?”

“காயிதம் எல்லாம் சரியா இருக்குதுங்ணா.”

உள்ளே பார்த்தேன். அடுப்புக்கு மேலே உப்புப் பெட்டி மாட்டியிருந்தது. மலைப் பனியில் கல்லுப்பு நீர்விட்டு, பலகையில் ஈரம் படர்ந்திருந்தது. அந்த ஈரம் பலகைக்குள் போய், எதையெல்லாமோ கரைத்துக்கொண்டு, திரும்ப உப்புக்கு வரும். அதற்குக் கீழே அந்த இரண்டு பலகையும் செங்கல்மேல் அலமாரியாகிவிட்டன. கேழ்வரகு மாவு, புளி, கவிதா சாப்பிடுகிற சத்துமாவு டப்பா. பெட்டிக்காகத் தயார் செய்த பொய் அலமாரிக்குப் போதாது. மூடி சரியில்லை என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த இரண்டு பலகையும் இங்கேயே இருக்கும்.

பொய்யை விட்டேன்.

“பரண்ல என்ன வெச்சிருந்தீங்கன்னு கேக்க வந்தனுங்ணா.”

“வெத வெச்சிருந்தோம். பின்ன, மாட்டயா கட்டுவாங்க?”

“வெதைக்கு என்ன போட்டீங்க?”

அவர் வாளியை எடுத்துச் செங்கல்மேல் தண்ணீர் ஊற்றினார். ராசம்மாள்தான் சொன்னார். “வண்டுப் பொடிங்க. சாமைக்கு வேண்டியதில்ல, மொச்சைக்கு வண்டு வருமில்லீங்க? கீழ வெள்ளப் பொடி விப்பாங்க. நான் வாக்கப்பட்டு வந்த காலத்துலருந்து தூவுறதுதான். இப்ப நாலஞ்சு வருசமா கெடைக்கறதில்ல.”

“எங்கீங்கக்கா தூவுவீங்க?”

“பலக மேலதான். பலக மேல தூவி, அதுக்குமேல கோணிய விரிச்சு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அவர் கண் அலமாரிக்குப் போனது.

பட்டறையில் எறும்புகள் செத்துக் கிடந்ததை, சேகர் வாந்தி எடுத்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். பெட்டியும் பலகையும் இன்றைக்கே அடுப்படியை விட்டுப் போக வேண்டும் என்றேன்.

பொன்னுசாமி அண்ணன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“வெதைக்குத்தானுங்க போட்டோம், சோத்துக்கா போட்டோம்? மொதல்ல என்னயத் திருடனுங்கற மாதிரி கேட்டீங்க. பொறுத்துக்கிட்டேன். ஊடு தேடி வந்து செவுத்துல கைய உட்டுப் பாத்தீங்க. பொறுத்துக்கிட்டேன். இப்ப எங்க வெதப் பரண வெசம்கறீங்க. உங்களுக்கு எதயாச்சும் சந்தேகப்படாம இருக்க முடியாதுங்களா?”

இத்தனை வருடம் எல்லோரையும் சந்தேகப்பட்டவள் உண்மையிலேயே ஆபத்தைக் கண்டுவந்து சொன்னால், அதுவும் அவளுடைய பழைய வியாதியாகத்தான் கேட்கிறவர்கள் காதில் விழும்.

“அண்ணா, உங்களச் சந்தேகப்பட்டது தப்புங்க. உங்க கையெழுத்தப் பாத்தேன், உங்க செவுத்தப் பாத்தேன். பலகயப் பாக்கல. பரண்ணு சொன்னதும் மனசுக்குள்ள கும்பிட்டுட்டு உட்டுட்டேன். நானும் அந்த மாதிரி பரணுக்குக் கீழ வளந்தவதான். தப்பு என்னுது.”

“தப்புன்னு தெரியுதில்ல? பஸ்ஸு வர்ற நேரம், கெளம்புங்க. பொட்டி இங்கயேதான் இருக்கும்.”

கவிதா மொச்சை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“அப்பா, சின்னதுல நான் ஒருக்கா வெத மொச்சைய எடுத்து வாயில போட்டனே, ஞாபகம் இருக்குதா?”

“அது எதுக்கு இப்ப?”

“அம்மா வாய்க்குள்ள வெரல உட்டுத் தோண்டி எடுத்துச்சு. மூணு தடவ சோப்புப் போட்டுக் கைய கழுவி உட்டுச்சு. நீங்க வெளக்குமாத்த எடுத்துட்டு வந்தீங்க. சாமி குத்தம், சாமி குத்தம்னு கத்துனீங்க.” வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். “சாமி குத்தத்துக்கு எதுக்குங்கப்பா சோப்பு?”

ராசம்மாள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார்.

எனக்கும் அங்கேதான் உறைத்தது. விதையைத் தொடாதே என்ற கட்டுப்பாடு பொடி வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே எங்களிடம் இருந்தது. பொடி வந்தது. வந்து சாமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வீட்டில் எல்லோருக்கும் அது அங்கே இருப்பது தெரியும், ஆனால் அதன் பெயரை யாரும் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது.

பொன்னுசாமி அண்ணன் உள்ளே போனார். பெட்டியைக் கழற்றினார். வாசலுக்கு வந்து உப்பைக் கொட்டப் போனவர், மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவரச் சொல்லி அதில் கொட்டி முடிச்சுப் போட்டார். ராசம்மாள் மாவையும் புளியையும் டப்பாக்களையும் ஒவ்வொன்றாக இறக்க, அவர் அந்த இரண்டு பலகையையும் தூக்கி என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?”

“தெரியலீங்ணா.”

“எரிச்சிரலாமா?”

“புகை எந்த ஊட்டுக்குப் போவும்னு சொல்ல முடியாது.”

“ஆத்துல…” என்று தொடங்கி அவரே தலையாட்டிக்கொண்டார். பிறகு, “அம்மிணி, இதுக்கு மட்டும் ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. இது இன்னொருத்தர் ஊட்டுக்குப் போவாதுன்னு,” என்றார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எத்தனையோ பேரிடம் காகிதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

கவிதா மறுநாளே போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அடிக்கடி வரச் சொல்லிப் பார்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. இப்போது அது மிளகுக் கொடிக்குள் ஓடி ஒளிகிறது என்றும் பிடிக்க ஆள் போதவில்லை என்றும் கேள்வி. பெட்டியை எடுத்ததால் எதுவும் ஆகவில்லையா, எடுக்காவிட்டாலும் ஆகியிருக்காதா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் சொல்லவும் மாட்டேன்.

சந்தையில் விற்ற ஐந்து பெட்டிகளைத் தேடி நானும் செல்வியும் வீடு வீடாகப் போனோம். “ஸ்டேஷன் அக்காவே சரண்டராக வந்திருக்குது பாருங்க!” என்று ஒருவர் சிரித்தார். சிரித்தாலும் கொடுத்துவிட்டார். நான்கு திரும்ப வந்தன. ஐந்தாவதை வாங்கியது அருவி பார்க்கக் காரில் வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் பெட்டியை முகர்ந்து பார்த்து, பழைய வீட்டு வாசனை என்று சந்தோஷப்பட்டார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கட்டை விற்க வந்தவர்களிடம் பாட்டன் பேர்வரை கேட்ட நான், வாங்கிப் போகிறவரிடம் ஒரு போன் நம்பர்கூடக் கேட்டதில்லை. இன்றைக்கும் எங்கோ ஓர் அடுப்படியில் அது மாட்டியிருக்கலாம். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த வீட்டுக் கட்டை என்று எழுதுவதும், வாங்குகிறவர் பேரைக் குறித்துக்கொள்வதும் அதற்குப் பிறகு வந்த பழக்கங்கள். வேலை தாமதமாகிறதே என்று அவற்றை விட்டுவிடாதீர்கள்.

கட்டை கொண்டுவருகிறவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதற்கு முன்னால் உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள். அவர் திருடனா என்பது இரண்டாவது கேள்வி. இந்தப் பலகைமேல் என்ன இருந்தது, அதற்கு என்ன போட்டீர்கள் என்பது முதல் கேள்வி. நம் வழக்கத்துக்குள்ளே வருகிற பொருளாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள். நாம் கும்பிடுகிற இடத்தில் நமக்குக் கண் தெரியாது.

விவசாயம் படித்த ஒருவரிடம் அந்தப் பொடியைப் பற்றி விசாரித்தேன். மண்ணிலும் மரத்திலும் வருடக்கணக்கில் தங்குகிற சாதி, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, முறையாக ஒப்படைக்க வழி தெரிகிறவரை கட்டிப் பூட்டி வையுங்கள் என்றார். வழி கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறேன். அதுவரை பத்துப் பெட்டிகளும் இரண்டு பலகைகளும் வெட்டி மிஞ்சிய துண்டுகளும் பட்டறையின் பின்னறையில், தார்ப்பாயில் சுற்றி, எல்லாப் பக்கமும் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கிடக்கின்றன. சாவி இத்தனை நாள் என் இடுப்பில் இருந்தது. இந்தக் காகிதத்தோடு அதையும் செல்வியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு நாள் கட்டை குறையும். ஆர்டர் நெருக்கும். வெளியே மழை விடாமல் பெய்யும், ஜீப் வராது. உங்களில் ஒருவர் பின்னறையைத் திறந்து தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பீர்கள். ஒரு துளை இல்லாத பலாப் பலகை. இப்படிப்பட்ட கட்டை இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது, மேல் பெயிண்டை இழைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். அது யாருக்குத் தோன்றும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள் நால்வரையுமே சந்தேகப்படுகிறேன்.